சென்னை–லண்டன்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் போய்வரும் காலம் இது என்பதால் அதில் வியப்பில்லை. வழக்கமாகப் பல துறைக் கேள்விகளுக்கும் இடம் தருவோம். இம்முறை வான்வழித் தூரத்துக்கும் பயண நேரத்துக்கும் மட்டுமே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. டிசம்பரில் முதல் முறையாகத் தனியே லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறார். சென்னையில் காலை 5.30 மணிக்குக் கிளம்பி, அன்றே காலை 11.00 மணிக்கு லண்டன் சேரும் என்று பயணச்சீட்டில் உள்ளது. திரும்பும்போது பகல் 1.00 மணிக்குக் கிளம்பி, மறுநாள் அதிகாலை 4.30 மணிக்குச் சென்னை வந்து சேருமாம். போக ஐந்தரை மணி நேரம், வரப் பதினைந்தரை மணி நேரமா? வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் கேட்கிறேன். திரும்பி வரும் நாளில் நான் எத்தனை மணிக்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பயணச்சீட்டில் அச்சிடப்படும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். கிளம்பும் நேரம் சென்னைக் கணக்கு, சேரும் நேரம் லண்டன் கணக்கு. இரண்டையும் நேராகக் கழித்தால் கிடைப்பது பயண நேரம் ஆகாது. குளிர்காலத்தில் இந்திய நேரம் லண்டன் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. அம்மா லண்டனில் இறங்கும் காலை 11.00 மணி, தஞ்சாவூரில் உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் மாலை 4.30. காலை 5.30 முதல் மாலை 4.30 வரை எண்ணுங்கள்: 11 மணி நேரம். திரும்பும் பயணத்தில் லண்டனின் பகல் 1.00 மணி நமக்கு மாலை 6.30. அங்கிருந்து அதிகாலை 4.30 வரை 10 மணி நேரம். ஆக, போக 11, வர 10. மீதி வேறுபாடு முழுவதும் கடிகாரங்கள் செய்வது.

டிசம்பருக்குத்தான் இந்த ஐந்தரை மணிக் கணக்கு பொருந்தும். பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்த ஏழு மாதங்களில் இடைவெளி நாலரை மணி நேரம்தான். அம்மா மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு திரும்புவதாக இருந்தால், கூட்ட வேண்டிய எண் மாறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாத்திரைக்கு எளிய வழி ஒன்று உண்டு. அம்மாவின் கைக்கடிகாரத்தைத் தங்கை வீடு போய்ச் சேரும்வரை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே அவர் மாத்திரை எடுத்துக்கொள்ளட்டும். லண்டனில் தங்கும் நாட்களில் வேளைகளை எப்படி மாற்றுவது என்பதை, குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவராக இருந்தால், அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. மாத்திரைப் பையைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் நேரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் வேறு சில செய்திகள் தெளிவாக வேண்டும்.

இந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது என்று யாரேனும் கேட்கக்கூடும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. லண்டனின் கிரீன்விச்சைச் சுழியமாகக் கொண்டு எண்ணினால், இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் 5.5. இந்த ஏற்பாடு 1906ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் நாடு முழுவதும் ரயில்களுக்கு வழிகாட்டியாக இருந்தது, சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட மெட்ராஸ் நேரம். அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது.

கேள்வி: போக 11 மணி, வர 10 மணி என்றால், அந்த ஒரு மணி நேர வேறுபாட்டுக்குப் பூமியின் சுழற்சிதானே காரணம்? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், விமானம் மேலெழுந்து ஓரிடத்தில் நின்றாலே லண்டன் தானாக வந்து சேராதா? (கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னை இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. லண்டனில் அது சுமார் 1,040 கி.மீ. ஆனால் தரை மட்டும் நகர்வதில்லை. மேலிருக்கும் காற்றும், ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தைத் தமக்குள் வைத்துக்கொண்டே நகர்கின்றன. ஓடும் ரயிலுக்குள் நீங்கள் மேலே குதித்தால் அதே பலகையின் மேல்தான் இறங்குவீர்கள், பின்பெட்டியில் விழ மாட்டீர்கள். விமானம் மேலெழுவதும் அப்படித்தான். சுழற்சி நேரடியாக ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தித் தராது.

உண்மையான காரணம் காற்று. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டால், சூடான காற்று உயரத்தில் துருவம் நோக்கி நகர்கிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. (உங்கள் ஊகத்தில் இருந்த உண்மை இங்கேதான் வெளிப்படுகிறது.) இப்படி உருவாகும் மேற்கத்திக் காற்று, தரையிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் குறுகிய ஆறுபோலத் திரண்டு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பது இதுதான். அதன் நடுப்பகுதியில் மணிக்கு 150 கி.மீ. என்பது சாதாரணம், சில நாட்களில் 300 கி.மீ.யையும் தாண்டும். 1920களிலேயே ஜப்பானின் டடேனோ வானிலை ஆய்வகத்தில் வசாபுரோ ஓயிஷி என்பவர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்துவிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். அந்த மொழியைப் படிப்போர் குறைவாக இருந்ததால் அவருடைய அரிய உழைப்பு பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே கிடந்தது என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

காவிரியில் தண்ணீர் கரைபுரண்டு வரும்போது பரிசல் ஓட்டுபவரைக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார். துடுப்புப் போடும் பலம் ஒன்றே. நீரோட்டத்தோடு போனால் கரை விரைவாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். விமானம் காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகிறது. வழி நெடுகச் சராசரியாக வெறும் 50 கி.மீ. வேகக் காற்று எதிர்த்து வந்தால், தரையைப் பொறுத்தவரை வேகம் 850. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 950. 8,200 கி.மீ. தூரத்தை 850ஆல் வகுத்தால் சுமார் 9 மணி 40 நிமிடம். 950ஆல் வகுத்தால் சுமார் 8 மணி 40 நிமிடம். நீங்கள் கேட்ட ஒரு மணி நேரம் இதோ கிடைத்துவிட்டது. மீதமுள்ள ஒரு மணி இருபது நிமிடம், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்கும், மேலே ஏறி இறங்குவதற்கும், சுற்றுவழிக்கும் ஆகும்.

ஒரு ஜனவரி இரவில் லண்டனிலிருந்து திரும்பியபோது, முன் இருக்கையின் முதுகில் இருந்த சிறு திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் 37,000 அடி, வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 58 பாகை, தரை வேகம் 1,040 கி.மீ. விமானத்தின் சொந்த வேகம் 900 என்றால், மற்ற 140 கி.மீ.யும் காற்று இலவசமாகக் கொடுத்தது. 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் பெரும்புயல் வீசிய இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்து மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல் சென்றபோதும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. ஏனெனில் ஒலித்தடையைத் தீர்மானிப்பது, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம்தான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கத்தி ஜெட் காற்றோட்டம் இமயமலைக்கு வடக்கே ஒதுங்கிவிடுகிறது. தென்னிந்தியாவின் மேலே, இன்னும் அதிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வேறொரு காற்றோட்டம் தோன்றுகிறது. இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஆகவே மார்கழியில் தெரியும் வேறுபாடு ஆடியில் குறைந்துவிடும்.

கேள்வி: சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு நூலில் 8,200 என்றும் வேறொன்றில் 8,500 என்றும் கண்டேன். எது சரி? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? (நாகர்கோவில், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, தங்கள் மாணவர்களின் கையில் ஒரு உலக உருண்டையையும் சிறிது நூலையும் கொடுங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், தொய்வில்லாமல் அது கிடக்கும் கோடே மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்பது இதுதான். சென்னையிலிருந்து அது வடமேற்காக மகாராஷ்டிரம், குஜராத் வழியே சிந்துவைத் தொட்டு, பலூசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், அசோவ் கடல், உக்ரைன், போலந்து, ஜெர்மனி என்று போகும்.

இனி சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அளவுகோலை வைத்து அதே இரு ஊர்களை இணைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு அரபிக்கடல், ஓமான் வளைகுடா, இராக், சிரியா, பால்கன் நாடுகள் வழியாகப் போகும். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் குழந்தைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள். 1569இல் மெர்கேட்டர் வரைந்த படம் மாலுமிகளுக்காக ஆக்கப்பட்டது. திசைமானியை ஒரே கோணத்தில் வைத்துச் செல்லும் வழி அதில் நேர்கோடாகத் தெரியும். அந்த வசதிக்காக, துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்த நேர்கோட்டின் வழியே சென்றால் தூரம் ஏறத்தாழ 8,480 கி.மீ.; நூல் காட்டும் வழியில் ஏறத்தாழ 8,230 கி.மீ. தாங்கள் கண்ட இரண்டு எண்களும் அநேகமாக இப்படித்தான் பிறந்திருக்கும். விமானத் தூரம் என்று கேட்டால், நூலின் கணக்கே சரி.

கரும்பலகையில் போட்டுக் காட்டவும் வழி உண்டு. பெருவட்டத்தில் ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. சென்னையும் லண்டனும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணம் 74 பாகை. 74ஐ 111ஆல் பெருக்கினால் 8,214. விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் இது இன்னும் அழகாக வரும்: ஒரு பாகைக்கு 60 கடல் மைல், எனவே 4,440 கடல் மைல். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான குறுகிய தூரம் 20,000 கி.மீ.யைத் தாண்ட முடியாது என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: நான் சென்ற விமானம் அந்தக் குறுகிய கோட்டில் போகவே இல்லை. திரையில் பார்த்தால் வளைந்து வளைந்து சென்றது. பணம் கொடுத்த பயணிக்கு ஏன் சுற்றுவழி? (திருச்சி வாசகர்)

பதில்: சற்றுமுன் சொன்ன ஊர்ப் பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள்; விடை அதற்குள்ளேயே இருக்கிறது. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதே மாத இறுதியில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று தன் வானத்தை அடைத்தன. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனின் மேலே மலேசிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் மாண்டதை உலகம் மறக்கவில்லை. பாகிஸ்தான் 2019இல் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் அதை மூடியது. அதே ஆண்டு ஜூனில் ஈரான், இராக் வான்வெளிகளும் போரால் அடைபட்டன. இவற்றுக்கு இடையே எஞ்சியிருக்கும் சந்துகளில்தான் நூற்றுக்கணக்கான விமானங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

சுற்றுவழியால் ஆகும் எரிபொருள் செலவு நிறுவனத்துடையது. எனவே காரணமில்லாமல் யாரும் சுற்றுவதில்லை. கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்றையும் அன்று திறந்திருக்கும் வான்வெளியையும் பார்த்தே பாதையை முடிவு செய்கிறார்கள். நேற்றுப் போன வழியில் இன்று போக வேண்டும் என்பதில்லை. வீட்டில் காத்திருப்போர், விமானம் வளைந்து போவதைக் கைப்பேசியில் பார்த்துப் பதறுகிறார்கள் என்பதை அறிவேன். அந்த வளைவு பெரும்பாலும் பாதுகாப்புக்காகவே அமைகிறது.

கேள்வி: துபாயில் மாறிச் சென்றால் கட்டணம் குறைகிறது. தூரம் எவ்வளவு கூடும்? (புதுச்சேரி வாசகி)

பதில்: தூரம் அதிகம் கூடாது. சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 8,430. நேர்வழியைவிட 200 கி.மீ. மட்டுமே அதிகம். கூடுவது நேரம்தான். முதல் பயணத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், இரண்டாவதற்கு ஏழரை மணி நேரம், நடுவே காத்திருப்பது எவ்வளவோ அவ்வளவு. இளைஞர்களுக்கு இது பெரிதில்லை. மூட்டுவலியோடு தனியே போகும் முதியவருக்கு, நள்ளிரவில் பழக்கமில்லாத நிலையத்தில் அடுத்த வாயிலைத் தேடி நடப்பது பெரிய சோதனை. என்னைக் கேட்டால், கட்டண வேறுபாட்டைத் தாங்க முடிந்தவர்கள் பெற்றோருக்கு நேரடி விமானத்திலேயே சீட்டு எடுங்கள் என்பேன். முடியாதவர்கள், இடைநிறுத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத சீட்டாகப் பார்த்து எடுத்து, சக்கர நாற்காலி உதவியையும் முன்பதிவின்போதே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: தூரம் கூடினாலும் நேரம் குறைவது உண்டா? (காரைக்குடி வாசகர்)

பதில்: உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ.; புதிய வழி சுமார் 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியும், பதினாலரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்தது. பழைய நேரத்தைவிட இது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. வழி முழுவதும் காற்று முதுகில் தள்ளியதே காரணம். சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் போகும்போது பல நாட்களில் பசிபிக் பக்கமாகவே செல்கிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் சேவையான அதன் தூரம் சுமார் 15,300 கி.மீ., நேரம் 18 மணிக்கும் மேல். அதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளுமாறு ஆக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350 ரக விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன.

2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலே பறந்து பெங்களூரு வந்தது. தட்டையான படத்தைப் பார்ப்பவருக்கு இது வீண் சாகசமாகத் தோன்றும். நூலை உருண்டையில் வைத்துப் பாருங்கள்: இரு ஊர்களும் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், 14,000 கி.மீ. நீளமுள்ள அந்த நூல் துருவத்துக்கு வெகு அருகில்தான் போகும்.

கேள்வி: அறுபது ஆண்டுகளாக விமான வேகம் ஏன் கூடவில்லை? (வேலூர் வாசகர்)

பதில்: கூட்டிப் பார்த்தார்கள். 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்த கான்கார்டு விமானம் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்தது. எரிபொருளை விழுங்கியது, நிலத்தின் மேல் செல்லும்போது இடிபோன்ற ஓசையை எழுப்பியது. ஒரே மூச்சில் சுமார் 7,000 கி.மீ.தான் அதனால் போக முடியும் என்பதால், சென்னை–லண்டன் தூரத்தை இடைநில்லாமல் கடக்க அதனால் முடிந்திருக்காது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று பெருகுகிறது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, மணிக்கு 900 கி.மீ. அளவில் நிற்பதே கட்டணத்தை நமக்கு எட்டும்படி வைத்திருக்கிறது.

இனி தஞ்சாவூர் வாசகியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சீட்டில் உள்ள 4.30 என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரம் அன்று. விமானம் தன் இடத்தில் வந்து நிற்கும் நேரம். டிசம்பர், ஜனவரியில் பின்காற்று பலமாக இருந்தால் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடக்கூடும். எனவே முந்தின மாலை 6.30க்குப் பிறகு, லண்டனிலிருந்து உண்மையில் எப்போது கிளம்பியது என்பதைத் தங்கையிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ப நீங்கள் தஞ்சாவூரிலிருந்து புறப்படலாம். குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் உதவியாளரே அம்மாவை வெளிவாசல் வரை அழைத்து வருவார். அதிகாலை 5.00 மணிக்கு வருகை வாயிலின் கம்பித்தடுப்பருகே நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தை அம்மா புறப்படும் முன்பே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்துக் கொடுத்துவிடத் தங்கையிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் அந்த நேரத்துக்குச் சிம் வேலை செய்யாமல் போனாலும் அந்தத் தாள் உதவும்.